சின்னவனுக்கு ஆகிற புரதம்

சின்னவனுக்குப் பால் ஆகாது, முட்டை ஆகாது, கறி, பருப்பு எதுவும் ஆகாது. புரதத்தில் இருக்கும் ஒரு பொருளைக் கரைத்துத் தள்ளும் வழி அவன் உடம்பில் பிறவியிலேயே அடைபட்டிருந்தது. அது சேர்ந்தால் மூளைக்குக் கேடு. பிறந்த கையோடு குதிகாலில் குத்தி எடுத்த ரத்தத்தில் டாக்டர் அதைக் கண்டுபிடித்ததால் தப்பித்தான். அன்றிலிருந்து கிழங்கும் பழமும் மாவுச்சத்து ரொட்டியும்தான் சாப்பாடு. உடம்பு தேற, அந்தப் பொருள் இல்லாத மருந்துக்கடைப் பொடியைக் கரைத்து வேளாவேளைக்கு ஒரு டம்ளர். பள்ளிக்கூடத்தில் வைத்த ‘கிழங்கு’ என்ற பட்டப்பெயர் அவன் லிஃப்ட் மெக்கானிக் ஆன பிறகும் விடவில்லை. கூப்பிட்டால் அவனும் திரும்பிப் பார்ப்பான்.

அவனுடைய அக்கா, வீட்டில் பெரியவள், நுண்ணுயிரியல் படித்ததே தம்பிக்காகத்தான் என்று அம்மா பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்வாள். அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி, வேறு பாடத்தில் இடம் கிடைக்காதது.

பெரியவள் சேர்ந்தது ஒரு நொதித்தல் தொழிற்சாலையில். பால் திரிந்து சீஸ் ஆகும்போது பிரிந்துபோகும் ஒரு புரதத் துண்டில் மட்டும் தம்பிக்கு ஆகாத அந்தப் பொருள் கிடையாது. மாடே இல்லாமல், ஈஸ்ட்டை வைத்து அந்தத் துண்டை மட்டும் செய்யலாம் என்று அவள் மேனேஜரை நச்சரித்தாள். இப்படிப்பட்ட பிள்ளைகள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள் என்றாள். கடைசியில் அவர் மூலையில் சும்மா கிடந்த சின்னத் தொட்டியைக் காட்டினார்.

அந்தத் துண்டுக்கான மரபணுவை ஏற்றிய ஈஸ்ட்டுக்குச் சர்க்கரைப் பாகு ஊட்டினாள். ஒரு முறை நுரை பொங்கி மூடியைத் தாண்டி வழிந்தது. இன்னொரு முறை வேறு கிருமி புகுந்து தொட்டி முழுக்கப் புளித்து நாறியது. புரதம் வந்த பிறகும் தலைவலி தீரவில்லை. ஈஸ்ட்டின் சொந்தப் புரதம் துளி ஒட்டிக்கொண்டாலும் ஆகாத பொருளும் கூடவே வந்துவிடும். கழுவினாள், வடிகட்டினாள், மறுபடி கழுவினாள். ஒருவழியாகப் பால்வெள்ளையில் பொடி கிடைத்தது. அதைக் கொழுப்போடு சேர்த்து இறுக்கி, சீஸ் போலவே கட்டியாக்கினாள். சோதனைகள் முடிந்து டாக்டர் சம்மதம் சொன்னபின், ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

அம்மாவும் அக்காவும் தன் வாயையே பார்த்துக்கொண்டிருக்க, சின்னவன் ஒரு துண்டை மென்றான். மென்றுகொண்டே இருந்தான்.

“என்னடா, சொல்லு.”

“சவசவன்னு இருக்குக்கா.”

“புதுசு இல்லையா, அப்படித்தான் இருக்கும். இன்னொரு துண்டு எடுத்துக்கோ.”

“வேணாம்.”

“ஏண்டா, உனக்காக எவ்வளவு பாடுபட்டிருக்கா! நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் தேஞ்சா போயிடும்?” என்றாள் அம்மா.

“நல்லா இருந்தா சொல்ல மாட்டேனாம்மா?”

“நாங்க எல்லாம் சீஸ் தின்னும்போது நீ மட்டும் கிழங்கைப் பிசைஞ்சிட்டு உக்காந்திருப்ப. எனக்கு வயிறு எரியும்டா,” என்றாள் பெரியவள்.

“எனக்கு எரியலையே. அந்த வாசனையே எனக்குக் குமட்டும். எனக்குக் கிழங்குதான் பிடிக்கும்.”

பெரியவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். அந்த வாரம் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தாள். ஆனாலும் அவனை ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப்போக வேண்டியிருந்தது. ஒருநாள் மதியம் அவன் வேலை செய்யும் கட்டடத்துக்குப் போனாள். மாடிப்படித் திருப்பத்தில், சுவரைப் பார்த்து நின்று, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு பாட்டிலை வாயில் கவிழ்த்துக்கொண்டிருந்தான்.

“இங்க ஏண்டா ஒளிஞ்சு நின்னு குடிக்கிற?”

“ரூம்ல திறந்தா எல்லாரும் ஓடிடுவானுங்க.”

அதே மருந்துக்கடைப் பொடிதான். சின்ன வயதில் எத்தனையோ முறை அவளே அதைக் கரைத்துக் கொடுத்திருக்கிறாள். ஒருமுறைகூட வாயில் வைத்ததில்லை. பாட்டிலை வாங்கி ஒரு மடக்குக் குடித்தாள். அடுத்த நிமிஷம் குழாயடிக்கு ஓடினாள்.

“இதையா இத்தனை வருஷமா குடிக்கிற? சொல்லியிருக்கலாம்ல?”

“நீ கேக்கலையே. மருந்துன்னா இப்படித்தான் இருக்கும்னு விட்டுட்டேன்.”

பெரியவள் வாயைத் துடைத்துக்கொண்டாள். அவன்மேல் இருந்த கோபம் போன இடம் தெரியவில்லை. தன்மேல் வந்ததுதான் வீடு வரைக்கும் கூட வந்தது.

மறுநாள் மேனேஜரிடம் போய், அதே பொடியைக் குடிக்கிற மாதிரி செய்ய வேண்டும் என்றாள். “சீஸ்னு சொன்னீங்க, இப்ப தண்ணிங்கறீங்க,” என்று முனகிவிட்டுச் சரி என்றார். தண்ணீரில் அது சோப்பு மாதிரி நுரைத்தது. அந்தப் புரதத்தில் இல்லாத சத்துகளைத் தனியாகச் சேர்க்க வேண்டியிருந்தது. நாற்றம் அடிப்பதே அவைதான். எலுமிச்சைப் புளிப்பில் கொஞ்சம் அடங்கியது. முழுசாகப் போகவில்லை.

சின்னவன் குடித்துப் பார்த்தான். “இன்னும் லேசா நாறுது.”

“எவ்வளவு?”

“லிஃப்ட்டுக்குள்ள நின்னு குடிக்கலாம். யாரும் பாதியில இறங்க மாட்டாங்க.”

பிறகு நடந்த சோதனையில், இதே குறையுள்ள சின்னப் பிள்ளைகள் அந்தச் சீஸ் கட்டியை விரும்பித் தின்றார்கள். இன்னும் வேண்டும் என்று ஒரு குழந்தை தட்டைத் தட்டியதாம். அதைக் கேட்ட சின்னவன், “அதுங்க நாக்கே வேற போல,” என்றான். கட்டி, பானம் இரண்டையுமே வெளியிடத் தொழிற்சாலை முடிவெடுத்தது.

இப்போது அவன் படிக்கட்டுக்குப் போவதில்லை. மற்ற மெக்கானிக்குகளோடு உட்கார்ந்தே குடிக்கிறான். ஒருநாள் ஒருவன் கையிலிருந்து பிடுங்கி ஒரு வாய் குடித்துவிட்டு, “கொஞ்சம் உப்புப் போட்டிருக்கலாம்டா கிழங்கு,” என்றான்.