திருகு போடாத கதவு

இருபது வருடங்களாக ஊரார் வீட்டுச் சுவர்களுக்குப் பெயிண்ட் அடிப்பவன் நான். சொந்த வீட்டுக்கு இந்த வருடம்தான் அடித்தேன். மாடிப்படிச் சுவருக்கு மட்டும் மூன்று பூச்சு. அந்தப் பெருமை கண்ணை மறைத்தது.

தங்கை மறுபடி வேலைக்குப் போகவேண்டும். ஒன்பது மாதக் குழந்தையைப் பகலில் எங்களிடம் விடுவதாகப் பேச்சு. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதைக் கேட்டதிலிருந்து என் மனைவிக்குக் கால் தரையில் பாவவில்லை. தங்கை கேட்டது ஒன்றுதான்: மாடிப்படியின் மேல்முனையில் ஒரு தடுப்புக் கதவு.

கடைக்காரர் இரண்டு வகை காட்டினார். "படிக்கு மேலன்னா திருகு போடுறதுதான் சார். இது சும்மா ரெண்டு பக்கமும் சுவரை அழுத்திக்கிட்டு நிக்கும். சமையலறை வாசலுக்குப் போதும்."

"சுவர்ல ஓட்டை விழுமே."

"நாலே ஓட்டை. கையைப் பார்த்தா பெயிண்டர் மாதிரி இருக்கீங்க, பட்டி வச்சு மூடத் தெரியாதா?"

சிரித்து மழுப்பிவிட்டு, அழுத்திப் பிடிக்கும் வகையையே வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை தங்கை வந்தாள். "என்ன அண்ணா, சுவத்துல முகம் பார்த்துத் தலை சீவலாம் போலிருக்கே!" குழந்தையை மனைவியிடம் கொடுத்துவிட்டுக் படி மேல் நான் மாட்டியிருந்த கதவை ஒரு தள்ளு தள்ளினாள். புதுப் பெயிண்டின் வழவழப்பில் ரப்பர் முனைகள் வழுக்கின. கதவு படிகளில் தடதடவென்று உருண்டு கீழே போய் விழுந்தது. அந்தச் சத்தத்துக்குக் குழந்தை சிரித்தது.

தங்கை என் பக்கம் திரும்பினாள்.

"திருகு போடுறது கிடைக்கலையா?"

பொய் சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. "சுவரு..." என்றேன்.

அவள் திட்டியிருந்தால் தேவலை. "சரி அண்ணா" என்று குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

அவள் போனதும் ஓடிப்போய் மற்ற வகையை வாங்கிவந்தேன். நாலு துளையும் போட்டு, கதவை மாட்டி, போட்டோ அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது.

"நல்லா இருக்கு அண்ணா. ஆபீஸ் பக்கத்துலயே ஒரு காப்பகத்துல சேர்த்துட்டோம். அண்ணிகிட்ட நானே சொல்றேன்."

அதையாவது நானே சொல்லவேண்டும் என்று சமையலறை வாசல்வரை போனேன். மனைவி புதிதாக வாங்கிய சின்னக் கிண்ணங்களைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"இப்பதான் கதவு கெட்டியா இருக்கே. திங்கட்கிழமை எத்தனை மணிக்குக் கொண்டுவந்து விடுவா?"



"விடமாட்டா" என்றேன்.

குழாயை மூடினாள். ஏன் என்று அவள் கேட்கவில்லை.