எழவு வீட்டில் ஒரு பாட்டில்

இரண்டு டாக்டர்கள் சேர்ந்து மலர்கொடியை ஒரு மாதம் பந்தாடினார்கள். பெரம்பலூரில் வயிற்று டாக்டர், திருச்சியில் இதய டாக்டர். இரண்டு பேரும் கெட்டிக்காரர்கள்தான், தன்மையானவர்களும்தான். ஒருவரோடு ஒருவர் போனில் பேசிக்கொள்வது மட்டும் அவர்களால் ஆகாத காரியமாக இருந்தது. மலத்தில் ரத்தம் போகிறது, உடம்பில் ரத்தம் பாதிதான் இருக்கிறது, குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்தே ஆக வேண்டும், அதற்கு அந்த மாத்திரையை நிறுத்த வேண்டும், இதய டாக்டர் எழுதிக் கொடுக்காமல் நான் தொட மாட்டேன் என்றார் பெரம்பலூர்க்காரர். எத்தனை நாள் நிறுத்த வேண்டும், உள்ளே சதை எடுப்பார்களா மாட்டார்களா, அதை அவரிடம் எழுதி வாங்கி வா என்றார் திருச்சிக்காரர். கையில் பையும் பையில் ரிப்போர்ட்டுமாக இவள் அரியலூரிலிருந்து ஒரு வாரம் பெரம்பலூர், ஒரு வாரம் திருச்சி என்று பஸ்ஸில் ஆடிக்கொண்டே போய் வந்தாள்.

அது சாதாரண மாத்திரை அல்ல. மலர்கொடியின் நெஞ்சில் இருப்பது உலோக வால்வு. சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் அவளுடைய சொந்த வால்வைக் கெடுத்துவிட்டது; ஒன்பது வருடத்துக்கு முன் அதை எடுத்துவிட்டு இதை வைத்தார்கள். உலோகத்தில் ரத்தம் உறைந்து ஒட்டாமல் இருக்கத் தினமும் ராத்திரி மாத்திரை போட வேண்டும், உயிரோடு இருக்கும்வரை. ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் இருந்த ஜெயங்கொண்டத்துப் பெண், பின்னால் ஒருநாள் பல் பிடுங்குவதற்காக யாரையும் கேட்காமல் மாத்திரையை நிறுத்தினாள். வால்வு ஒட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்ச் சேர்ந்துவிட்டாள். அதைக் கேட்டதிலிருந்து மாத்திரை டப்பா இல்லாமல் மலர்கொடி பக்கத்துத் தெருவுக்குக்கூடப் போனதில்லை.

ஒரு வழியாகத் தேதி குறித்தார்கள். ஐந்து நாள் மாத்திரை கிடையாது. அதற்குப் பதிலாக வயிற்றில் ஊசி. கடைசி ஊசி சோதனைக்கு முதல் நாள் காலையில். அதற்கப்புறம் மறுநாள் சோதனை முடியும்வரை ரத்தம் உறையாமல் காக்க ஒன்றுமே இல்லை. அந்த முதல் நாள் முழுக்கச் சோறு ஆகாது. இளநீர், சர்க்கரைத் தண்ணீர் மட்டும். சாயங்காலம் நாலு மணிக்குப் பேதி மருந்தைக் குடிக்க ஆரம்பித்து, பாதியை அன்றைக்கும் பாதியை விடியற்காலையிலும் முடிக்க வேண்டும். குடல் சுத்தமாக இல்லை என்றால் திருப்பி அனுப்பிவிடுவேன், மறுபடி முதலிலிருந்துதான் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மறுபடி முதலிலிருந்து என்றால் மறுபடி ஐந்து நாள் மாத்திரை இல்லாமல். அதற்குத் தன் அதிர்ஷ்டம் தாங்குமா என்று மலர்கொடிக்குச் சந்தேகமாக இருந்தது.

அந்த முதல் நாள் காலையில், கடைசி ஊசியையும் போட்டுக்கொண்டு வந்து அப்பாடா என்று உட்கார்ந்த நேரம் பார்த்து உத்திராபதி செத்துப்போனார்.

உத்திராபதி அவள் புருஷன் குருநாதனுக்குப் பெரியப்பா மகன். ஆலத்தியூரைத் தாண்டி உள்ளே, சொந்த ஊரில் முந்திரிக்காடு வைத்திருந்தார். ஒரு வருடமாக இளைத்துக்கொண்டே போனார். கேட்டவர்களிடமெல்லாம் அல்சர் என்றார்கள். நல்ல மனிதர், மலர்கொடியைத் தங்கச்சி மாதிரி நடத்தியவர். ஆனாலும் அவளுக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். இன்னும் ஒரே ஒரு நாள் பொறுத்துக்கொள்ளக் கூடாதா இந்த மனிதர் என்று நினைத்தாள். அப்படி நினைத்ததற்காகத் தன்னைத் தானே திட்டிக்கொண்டாள். திட்டி முடித்ததும் மறுபடி அதையே நினைத்தாள்.

நீங்கள் மட்டும் போய் வாருங்கள், நாளைக்கு டெஸ்ட் இருக்கிறது என்று சொல்லுங்கள் என்றாள் புருஷனிடம். குருநாதன் சிமெண்ட் ஆலையில் பேக்கிங் சூப்பர்வைசர். அங்கே அவன் குரல் கேட்டாலே லோடுமேன்கள் பீடியை அணைத்துவிடுவார்கள். சொந்தக்காரர்கள் முன்னால் மட்டும் அவனுக்கு வாயில் கொழுக்கட்டை. பங்காளி வீட்டுச் சாவு, பிணத்தைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்து வருவது பங்காளி வீட்டு மருமகள்களின் வேலை, எடுக்கிறவரைக்கும் நகரக் கூடாது, நீ வராமல் நான் மட்டும் எப்படிப் போய் நிற்பது என்று இழுத்தான். அவள் விடாமல் துருவியபோதுதான் விஷயம் வெளியே வந்தது. சொந்தக்காரர்கள் அத்தனை பேரிடமும் அவன் ‘ஸ்கேன்’ என்று சொல்லி வைத்திருக்கிறான்.

“பின்ன என்னான்னு சொல்லச் சொல்ற? எம் பொண்டாட்டிக்கு அந்த எடத்துல கேமரா வுடுறாங்கன்னு ஊரு பூரா தண்டோரா போடவா?” என்றான் அவன்.

நெஞ்சைப் பிளந்து வால்வு வைத்ததை வருகிறவன் போகிறவனிடமெல்லாம் பெருமையாகச் சொன்னவனும் இவன்தான். நெஞ்சு மரியாதையான இடம். இது அப்படியா? ஸ்கேன்தானே, நாளைக் கழித்து எடுத்தால் குடியா முழுகிவிடும் என்று அவன் சித்தி அஞ்சலை போனிலேயே கேட்டுவிட்டாளாம். அவளிடம் ஒரு வார்த்தை உண்மையைச் சொல்லியிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். அந்த ஒரு வார்த்தை மட்டும் அவனுக்கு வரவில்லை.

கடைசியில் மத்தியானம் வரைக்கும் தலையைக் காட்டு, மூன்று மணிக்குள் கொண்டுவந்து வீட்டில் விட்டுவிடுகிறேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். அவன் சத்தியத்தின் லட்சணம் தெரிந்தவள், மருந்துப் பொடியைக் கையோடு கரைத்து எடுத்துக்கொண்டாள். இரண்டு லிட்டர் பிடிக்கிற பாத்திரமாக வீட்டில் இருந்தது ஒரு பழைய கூல்டிரிங்ஸ் பாட்டில்தான். மேலே ஒட்டியிருந்த ஆரஞ்சுப் படத்தை நகத்தால் கிழித்தாள். பாதிதான் கிழிந்தது. பைக்கில் இருபத்தைந்து கிலோமீட்டரும் பாட்டிலை மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு போனாள்.

எழவு வீட்டில் ஐஸ் பெட்டியைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். தலைமாட்டில் உத்திராபதியின் மனைவி ஜெயசுதா அழுது ஓய்ந்து சுவரில் சாய்ந்திருந்தாள். மகன் தமிழழகன் சிங்கப்பூரிலிருந்து வர வேண்டும். விமானம் சாயங்காலம்தான் திருச்சிக்கு வருகிறது. எப்படியும் எடுக்க இருட்டிவிடும் என்றார்கள். அதைக் கேட்டதுமே மலர்கொடிக்கு வயிற்றைக் கலக்கியது, மருந்து குடிக்காமலே. சாவு வீட்டில் யார் எங்கே உட்கார வேண்டும், யார் முதலில் அழ வேண்டும் என்றெல்லாம் முறை சொல்கிற உத்தியோகம் அஞ்சலை சித்தியுடையது. அவள் மலர்கொடியைப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, எடுக்கிறவரைக்கும் பங்காளி வீட்டில் யாரும் வாயில் எதையும் வைக்கக் கூடாது என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போனாள்.

மதியம் ஆனது. போகலாமா என்று வாசலில் போய்க் கேட்டாள். பந்தல்காரனோடு போனில் பேசிக்கொண்டிருந்த குருநாதன், இதோ என்று கையைக் காட்டினான். கொஞ்சம் கழித்துப் போனால் வெட்டியானுக்குச் சொல்லிவிட ஆள் அனுப்பிக்கொண்டிருந்தான்; இதோ என்றான். மூன்றாவது முறை போனபோது ஆளையே காணவில்லை. மாலை வாங்கச் செந்துறைக்குப் போயிருக்கிறான், பைக்கில். போனை எடுக்கவில்லை. மினி பஸ் அப்போதுதான் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது, அடுத்தது இருட்டுகிற நேரத்துக்குத்தான். அந்தப் புழுதியைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, கட்டின புருஷனை ஒரு ஐஸ் பெட்டிக்குள் வைத்து மூடினால் என்ன என்றுகூட அவளுக்குத் தோன்றியது. நாலு மணி ஆகிவிட்டது. இனி யாரையும் நம்பிப் பிரயோஜனமில்லை என்று பாட்டிலை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய், தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்று முதல் டம்ளரைக் குடித்தாள்.

உப்புத் தண்ணீரில் எலுமிச்சை மிட்டாயைக் கரைத்த மாதிரி ஒரு வழவழப்பு. குமட்டிக்கொண்டு வந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினாள். கால் மணிக்கு ஒரு டம்ளர். உள்ளே போய் உட்காருவதும், கண்ணைத் துடைக்கிற சாக்கில் எழுந்து வருவதுமாக இரண்டு டம்ளர் முடிந்தது. மூன்றாவதை வாயில் வைத்தபோது பின்னால் அஞ்சலை சித்தி நின்றிருந்தாள்.

“ஏண்டி மலரு, பொணத்த நடுவூட்ல போட்டுட்டு நீ இங்க கூல்டிரிங்ஸ் குடிக்கிறியா? எங்களுக்கெல்லாம் பச்சத்தண்ணி பல்லுல படல.”

பந்தலுக்குப் பின்னால் அவள் காலையிலிருந்து எத்தனை டீ குடித்தாள் என்று மலர்கொடிக்குத் தெரியும். சொல்லவில்லை. மருந்து அத்தை என்றாள். ஸ்கேனுக்கு என்னடி மருந்து, அதுவும் பாட்டில் பாட்டிலாக என்று சித்தி அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்தாள். பாதி ஆரஞ்சுப் படத்தோடு பாட்டில் எல்லோர் கண்ணிலும் பட்டது. ஆளாளுக்கு முணுமுணுத்தார்கள். டவுனில் போய் இருந்தாலே இப்படித்தான் என்றது ஒரு குரல். ஜெயசுதா தலையைத் தூக்கிப் பார்த்தாள். சரியாக அந்த நேரத்தில் இரண்டு கைகளிலும் மாலையோடு குருநாதன் வாசற்படியில் வந்து நின்றான்.

அவன் பார்த்த பார்வையிலேயே, வாயைத் திறக்காதே என்று அவளுக்குப் புரிந்தது. நிலைமையைச் சமாளிக்கிறானாம். மாலைகளைத் திண்டாடி ஒரு கைக்கு மாற்றிவிட்டு, பாட்டிலை அவள் கையிலிருந்து வாங்கினான்.

“வுடு சித்தி, ஸ்கேனுக்குக் குடிக்கிறதுதான். ஒன்னும் அவசரம் இல்ல. அவ நாளக்கழிச்சுப் போய்க்குவா.”

ஒரு மாத அலைச்சல், வயிற்றில் நீலம் நீலமாகக் கன்றிப்போயிருக்கிற ஊசித் தடங்கள், ஐந்து ராத்திரிகள் மாத்திரை இல்லாமல் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு விழித்திருந்தது, எல்லாவற்றையும் அவன் ‘நாளக்கழிச்சு’ என்று ஒரே வார்த்தையில் துடைத்துப் போட்டான். மலர்கொடி பாட்டிலை அவன் கையிலிருந்து பிடுங்கினாள்.

“எனக்குப் பின்பக்கமா ரத்தம் போவுது. நாலு மாசமா போவுது. நாளைக்கு அந்த வழியா உள்ள கேமரா வுட்டுப் பாக்கப் போறாங்க. கொடலு சுத்தமாவறதுக்கு இது பேதி மருந்து. ஸ்கேனும் இல்ல, கூல்டிரிங்ஸும் இல்ல. இதுக்காவ அஞ்சு நாளா வால்வு மாத்திரய நிறுத்தியிருக்கேன். இன்னிக்குக் காலையோட ஊசியும் நின்னுபோச்சு. தள்ளிப் போட்டா திரும்ப அஞ்சு நாளு. அதுக்குள்ள வால்வு ஒட்டிக்கிச்சுன்னா, இந்தப் பெட்டிக்குப் பக்கத்துல இன்னொரு பெட்டி போட்டுக்குங்க.”

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூட வீடு அவ்வளவு அமைதியாகியிருக்காது. அஞ்சலை சித்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சுவரோரம் ஒரு பெண் சிரிப்பை அடக்கக் குனிந்துகொண்டாள். குருநாதன் கையிலிருந்த மாலையிலேயே கண்ணை வைத்திருந்தான். மலர்கொடிக்குக் காது மடல் சூடாகியது. வெட்கமா கோபமா என்று அவளுக்கே தெரியவில்லை. சொன்னது சொன்னதுதான் என்று நின்றாள்.

“நாலு மாசமா?” என்று கேட்டது ஜெயசுதா. அழுது அழுது கட்டிப்போன குரல்.

“ஆமாக்கா.”

“இவருக்கு ஒன்றர வருசம்.” ஜெயசுதா ஐஸ் பெட்டியின் கண்ணாடியைப் புறங்கையால் துடைத்தாள். “அதே வழியாத்தான் போச்சு. மொதல்ல மூலம்னாரு. அப்பறம் வேட்டியெல்லாம் நனைய ஆரம்பிச்சுச்சு. டாக்டர்கிட்ட போவலாம்னா, அதப் போயி ஒருத்தன்கிட்ட காட்டவான்னு கேட்டாரு. வெளிய மூச்சு வுடக்கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு. நானும் வர்றவங்ககிட்ட எல்லாம் அல்சர்னு சொல்லிச் சொல்லி, இங்க கொண்டாந்து படுக்க வச்சிட்டேன்.”

வெளியே பந்தலில் யாரோ நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்டது. குருநாதன் மாலைகளை வாசற்படியிலேயே வைத்துவிட்டு, பந்தலில் இருந்த பங்காளி வீட்டுப் பையன் அஜித்குமாரிடம் போய் அவனுடைய காரைக் கேட்டான். இப்ப எங்கண்ணே என்று அவன் கேட்டதும், அதற்குக் குருநாதன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, இவளுக்கு ரத்தம் போகிறது, பெரம்பலூரில் கேமரா வைத்துப் பார்க்க வேண்டும் என்று சொன்னதும் உள்ளே வரைக்கும் கேட்டது. ஒரு மாதம் முன்னாலேயே இந்த வாய் திறந்திருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும் என்று மலர்கொடிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மலர்கொடி கிளம்பத் திரும்பினாள். ஜெயசுதா அவள் புடவையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்தாள். பாட்டிலை வாங்கி டம்ளரில் ஊற்றினாள்.

“கார் வர்றதுக்குள்ள இதயும் குடிச்சிடு. ஏன் கொல்லப்பக்கம் போய் ஒளிஞ்சு குடிக்கிற? இங்கயே குடி. எல்லாரும் பாக்கட்டும்.”

காலையிலிருந்து இந்த மனிதருக்காக மலர்கொடி ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டிருக்கவில்லை. இப்போது பொத்துக்கொண்டு வந்தது. செத்திருக்கவே வேண்டாத மனிதர். ஒன்றரை வருடம், வேட்டியை மறைத்து மறைத்துத் துவைத்துப் போட்டுக்கொண்டு, வெட்கப்பட்டுக்கொண்டே செத்துப்போயிருக்கிறார். எழுந்து உட்காரச் சொல்லி அவரை நாலு வார்த்தை கேட்க வேண்டும் போல் அவளுக்கு ஆத்திரமாக இருந்தது. பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அத்தனை பேர் முன்னாலும் அழுதுகொண்டே டம்ளரைக் காலி செய்தாள். ஜெயசுதா அடுத்த டம்ளரை ஊற்றி நீட்டினாள்.