வெங்கடப்பனைக் கண்ட கடல்

கோவளத்தில் கடல் வெங்கடப்பனைக் கண்டு ஒன்றரை கிலோமீட்டர் பின்வாங்கியது. அப்போது காலை மணி எட்டு இருபது. அவருக்கு அறுபத்து நான்கு வயது. அதற்கு முன் கடலைப் பார்த்ததில்லை. வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, ஈர மணலில் முதல் அடி வைத்தார். அலை வரவில்லை. அடுத்த அலையும் வரவில்லை. பிறகு மொத்தத் தண்ணீரும் பாயைச் சுருட்டியதுபோல் விலகித் தூரத்தில் ஒரு கோடாகப் போய் நின்றது. படகுகள் சேற்றில் சாய்ந்தன. மீன்கள் வெயிலில் துள்ளின. வலை சரிபார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு இரண்டாயிரத்து நான்கு டிசம்பர் மறக்கவில்லை. யாரும் யாரையும் எதுவும் கேட்காமல் எழுந்து ஓடினார்கள். மீன்கூடைக்காரி ஒருத்தி கூடையைப் போட்டுவிட்டு ஓடும்போதே வெங்கடப்பனின் தோளைப் பிடித்துத் திருப்பி, “யோவ், நின்னு வேடிக்க பாக்குற, ஓடுய்யா!” என்று கத்தினாள். அவரும் ஓடினார். மகள் ஜெயப்ரியா அதற்குள் காரைக் கிளப்பியிருந்தாள். பன்னிரண்டு கிலோமீட்டர் உள்ளே போய் நின்று திரும்பிப் பார்த்தார்கள். எதுவும் வரவில்லை. ஒன்பது மணிக்குள் கடல் அவசரமில்லாமல் பழைய இடத்துக்கு வந்து, சாய்ந்த படகுகளை நிமிர்த்திவிட்டது.

ஜெயப்ரியாவுக்கு இருபத்தெட்டு வயது. ஓசூரில் மின்னணு உதிரிபாகம் செய்யும் ஆலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தாள். பராமரிப்புக்காக ஆலையை ஒரு வாரம் மூடியபோது, பழைய கார் ஒன்றை வாங்கியிருந்த தைரியத்தில், சென்னையிலிருந்து கடலை ஒட்டியே ராமேஸ்வரம் வரை அப்பாவையும் அம்மாவையும் அழைத்துப்போகத் திட்டமிட்டாள். அம்மா வெள்ளையம்மா மறுத்துவிட்டார். “நானும் வந்துட்டா மாட்டுக்கு யாரு தண்ணி காட்டறது? காட்டத் தண்ணியே இல்ல, அது வேற” என்றார்.

வெங்கடப்பன் வேப்பனப்பள்ளிப் பக்கம் நீரோட்டம் பார்க்கிறவர். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்து நிலத்தில் நடப்பார். தண்ணீருள்ள இடத்தில் தேங்காய் எழுந்து நிற்கும். அங்கே சுண்ணாம்பால் வட்டம் போடுவார். மறுநாள் போர் லாரி வந்து துளை போடும். தேங்காய் நின்றதை ஊரே பார்த்திருக்கிறது, அதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஆனால் அவருடைய இருபது வயதில் நூறடியில் வந்த தண்ணீர், நாற்பதில் அறுநூறடிக்குப் போனது. அறுபதில் ஆயிரத்து நானூறடியிலும் கல் புழுதிதான் பறந்தது. அக்கா மகன் திருமலை, மாமா போட்ட வட்டத்தில் பதினோரு போர் போட்டார். பதினொன்றும் புழுதி. மாமரங்களை விறகுக்கு வெட்டிக் கொடுத்துவிட்டுப் ஓசூரில் பாகலூர் சாலையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வாட்ச்மேனாகப் போய்விட்டார். வெங்கடப்பன் மழையைக் குறை சொன்னார். எல்லோரும் மழையைத்தான் குறை சொன்னார்கள்.

மரக்காணத்திலும் கடல் போனது. தொலைக்காட்சியில் பேசிய நிபுணர் ஆய்வு தேவை என்றார். ஜெயப்ரியாவுக்கு வேறு சந்தேகம் வந்தது. ஒரு குறையை மூன்று முறை பார்க்காமல் எழுதக்கூடாது என்பது அவள் பிரிவின் விதி. பரங்கிப்பேட்டைக்குத் தெற்கே ஆளில்லாத கரையைத் தேடிப் பிடித்தாள். முதலில் அவள் தனியாகப் போனாள். அலை அவள் முழங்காலை நனைத்தது. பிறகு அப்பாவை அழைத்தாள். “பத்தடி முன்னால வாப்பா.” கடல் போனது. “பத்தடி பின்னால போ.” கடல் வந்தது. கண்ணை மூடச் சொல்லிப் பார்த்தாள், முதுகைக் காட்டிக்கொண்டு நடக்கச் சொல்லிப் பார்த்தாள், மணலில் தவழக்கூடச் சொன்னாள். மூன்று முறையும் ஒரே முடிவு. குறித்து வைக்கக் கைபேசியை எடுத்தவள், எதுவும் எழுதாமல் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

“பாப்பா, இன்னாத்துக்கு இது இப்பிடிப் பண்ணுது?”

“எனக்கென்னாப்பா தெரியும்? உன்னப் பாத்துத்தான் போவுது.”

“நா இன்னா பண்ணேன் அத?”

 காருக்கு வந்து பாட்டிலைத் திறந்து கொடுத்தாள், அவர் குடித்தார். பாட்டிலில் இருக்கும் தண்ணீருக்கு ஓட இடமில்லை. மழைக்கும் மேலிருந்து விழும் வேகத்தில் யார் தலை என்று பார்க்க நேரமில்லை. அதனால்தான் அறுபத்து நான்கு ஆண்டுகளாக அவர் குடித்தும் நனைந்தும் வந்திருக்கிறார், எதுவும் தெரியாமலேயே.

மூன்றாம் நாள் மாலை தரங்கம்பாடியில் டீக்கடை ஒன்றில் உட்கார்ந்திருந்தபோது வெள்ளையம்மா கூப்பிட்டார். ஜெயப்ரியா ஸ்பீக்கரில் போட்டாள்.

“ஏங்க, கெணத்துல தண்ணி! நெசமாத்தான் சொல்றேன். நீங்க போன மறுநாளே ஊற ஆரம்பிச்சிருச்சி. இன்னிக்கி மேல் படியில நிக்குது. நம்ம திருமலையோட போரு, செத்துக் கெடந்துதே, மூடியத் தள்ளிக்கிட்டு ஊத்துது. சனம் ஆடுது இங்க. கடலும் வேணாம் ஒண்ணும் வேணாம், சீக்கிரம் வந்து இதப் பாருங்க!”

 வெங்கடப்பனின் டீயில் ஆடை படிந்தது. நீரோட்டம் பார்த்த நாற்பத்து நான்கு ஆண்டுகளில் அவர் ஓர் இரவுக்கு மேல் ஊரைவிட்டு வெளியே தங்கியதில்லை. பாறைக்குள் இருக்கும் தண்ணீருக்கு அவர் வருவது தூரத்திலேயே தெரியும், ஆனால் நகர ஒன்றிரண்டு நாள் ஆகும், கடலுக்குச் சில நிமிடங்கள் போதும். ஆகவே ஒப்பிட்டுப் பார்க்க யாருக்கும் வாய்ப்பு அமையவில்லை. தேங்காய் பொய் சொல்லவில்லை. அவர் நின்ற இடத்தில் தண்ணீர் இருந்தது. அவர் நின்றதால் அது இன்னும் கீழே போனது. “பதினோரு போரு” என்றார் கடைசியில். வேறெதுவும் சொல்லாமல் அதையே நான்கைந்து முறை சொன்னார்.

அதற்குள் கடைக்கு வெளியே மீனவர்கள் பத்துப் பேர் கூடியிருந்தார்கள். கடல் போன எல்லாக் கரைகளின் வீடியோக்களிலும் ஓசூர்ப் பதிவெண்ணோடு அதே டிஎன் எழுபது கார் நின்றிருந்ததை யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள். ஒருவர் கைகூப்பிக்கொண்டு உள்ளே வந்தார். “அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. புள்ளைங்க பயந்துபோய்க் கெடக்குது. உங்க ஊருக்கே போயிருங்கண்ணே.”

“அங்கயும் போவ முடியாது போல இருக்குப்பா” என்றார் வெங்கடப்பன்.

திரும்பி வரும் வழியெல்லாம் ஜெயப்ரியா வாதாடினாள். யாருக்கும் சொல்ல வேண்டாம், கிணறு ஊறியதும் வற்றியதும் இயற்கை என்று விட்டுவிடலாம், வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளலாம் என்றாள். அவர் சோதித்துப் பார்க்க, ஊருக்குச் சற்று முன்னாலேயே குந்தாரப்பள்ளியில் நிறுத்தச் சொன்னார். சந்தைத் திடலை ஒட்டிய விடுதியில் ஒரு நாள் தங்கினார்கள். வெள்ளையம்மாவிடம் நடந்ததைச் சொல்லி, கிணற்றடியில் நின்று படிகளை எண்ணச் சொன்னார்கள். வெள்ளையம்மா முதலில் சிரித்தார். மறுநாள் மதியத்துக்குள் நான்கு படி இறங்கியிருந்தது. மாலைக்குள் ஆறு படி. 

“அப்ப வராதீங்க” என்றார் வெள்ளையம்மா. பிறகு, “சாப்ட்டீங்களா?” என்றார்.

அவர் ஓசூருக்குப் போனார். திருமலையிடம் நேரில் சொல்ல வேண்டும் என்பது மட்டுமே அவருடைய எண்ணம், அதற்கு மேல் எதையும் அவர் யோசித்திருக்கவில்லை. அந்த அடுக்குமாடிக் குடியிருப்பைப் பழைய ஏரி ஒன்றின் ஓரத்தைத் தூர்த்துக் கட்டியிருந்தார்கள். மழை பெய்தால் நிலவறைக் கார் நிறுத்தத்தில் ஊற்றெடுக்கும். இரண்டு மோட்டார்கள் ஓயாமல் இறைத்தும் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும். திருமலை அந்தத் தண்ணீரில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெங்கடப்பன் சரிவுப்பாதையின் மேல்முனையில் நின்று எல்லாவற்றையும் சொன்னார். திருமலை முழுக்கக் கேட்டுவிட்டு, மேலேறி வந்து மாமாவின் கன்னத்தில் அறைந்தார். ஒரே அறைதான். ஜெயப்ரியா குறுக்கே பாய்ந்தாள். “உடு பாப்பா, அவன் அடிக்கட்டும்” என்றபடி வெங்கடப்பன் மருமகனைத் தாண்டி உள்ளே இறங்கினார், இரண்டாவது அறைக்கு வசதியாக இருக்கட்டும் என்பதுபோல். ஆனால் திருமலையின் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. நிலவறைத் தண்ணீர் வெங்கடப்பனின் இரண்டு பக்கமும் பிரிந்து, சரிவுப்பாதையில் மேல்நோக்கி ஏறி, வாசல் கதவின் அடியில் நுழைந்து, சாலையைக் கடந்து, ஏரியில் மிச்சமிருந்த பள்ளத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதற்கு அந்த வழி தெரிந்திருந்தது. காலுக்குக் கீழே காய்ந்த தரை. மோட்டார்கள் வெறுங்காற்றை இழுத்துக் கத்தின. மூன்றாம் மாடிக்காரர் ஒருவர் காரிலிருந்து இறங்கித் தரையைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டார்.

திருமலை இறங்கிப்போய்க் காய்ந்த தரையில் காலைத் தேய்த்துப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றி மாமாவின் தலையில் வைத்தார். “ஒக்காரு மாமா. எழுந்துகினு எங்கயும் போயிராத. நா ஊருக்குப் போறேன்” என்றார். விசிலையும் கொடுத்துவிட்டு அடுத்த பேருந்திலேயே போய்விட்டார்.

வெங்கடப்பனுக்கு வாட்ச்மேன் சீருடை தோளில் பெரிதாக இருந்தது. குடியிருப்போர் சங்கம் இரண்டு மோட்டார்களையும் விற்றுவிட்டு அவரை நிரந்தரமாக்கியது. ஐப்பசி, கார்த்திகையில் விடுப்பு கிடையாது என்பது மட்டும் நிபந்தனை. ஜெயப்ரியா அருகிலேயே வீடு பார்த்து அவரைத் தன்னோடு வைத்துக்கொண்டாள். அப்பா இதற்குச் சம்மதித்ததை நெடுநாள் அவளால் மன்னிக்க முடியவில்லை, பிறகு பழகிவிட்டது. எல்லைக்கு அப்பால் சர்ஜாபூர்ப் பக்கமிருந்தும் இரண்டு குடியிருப்புகள் அவரைக் கேட்டு ஆள் அனுப்பியிருக்கின்றன. ஊரில் திருமலை புதிதாக நூற்றிருபது மாங்கன்று வைத்தார், இப்போது தலைக்கு மேல் வளர்ந்து நிற்கின்றன. வெள்ளையம்மா வாரம் ஒரு நாள் பால் கறந்துவிட்டுப் பேருந்தேறி வருவார், மாலைக் கறவைக்குள் திரும்பிவிடுவார்.

நிரம்பியே நிற்கும் கிணற்றை யாராலும் தூர் வார முடியாது. அதனால் சித்திரை மாதத்தில் ஊரார் வெங்கடப்பனைக் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். முதல் நாள் தண்ணீர் இறங்கும், இரண்டாம் நாள் தரை தெரியும், மூன்றாம் நாள் ஆட்கள் உள்ளே இறங்கிச் சேற்றை வாரிக் கொட்டுவார்கள். அந்த மூன்று நாளும் அவர் தன் வீட்டில் சாப்பிட்டுத் தன் வீட்டில் படுப்பார். நான்காம் நாள் முதல் பேருந்தில் ஏற்றிவிடுவார்கள். இரண்டாம் ஆண்டு சேறு வழக்கத்தைவிட அதிகமாக வந்தது. மூன்றாம் ஆண்டு இன்னும் அதிகம். வெள்ளையம்மா தினமும் காலையில் தொழுவத்தைக் கூட்டி முடித்ததும் வரப்பில் ஒரு கூடை மண் வெட்டியெடுத்து, எல்லோரும் பார்க்க நடந்துபோய், கிணற்றில் கொட்டுகிறார்.

“இன்னா அத்த இது?” என்று திருமலை ஒருமுறை கேட்டார்.

“மண்ணு” என்றார் அவர்.

இந்த ஆண்டு தூர் வார ஆறு நாள் ஆகும் என்று ஊர்க்கூட்டம் முடிவு செய்து, குடியிருப்போர் சங்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறது.