விரியாத முனை

கார்லீன் ஹாஸ்கல் பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். ஜனவரியில் ஒரு காலை, பேருந்தின் படியிலிருந்து இறங்கும்போது உறைபனியில் வழுக்கி விழுந்து வலது தோளின் தசைநாரைக் கிழித்துக்கொண்டாள். அறுவை சிகிச்சை நல்லபடியாகத்தான் முடிந்தது. கோடையில் மருத்துவர் வேட்டை வில்லைத் தொட அனுமதித்தார், ஆனால் பழைய இழுவிசையில் வேண்டாம், நன்றாகக் குறைத்துக்கொள் என்றார். டார்பி ஊரில் இருக்கும் வில் கடைக்காரன் திருகுகளைத் தளர்த்திக் குறைத்துக் கொடுத்தான். இழுத்துப் பார்த்த கார்லீனுக்கு அது யாரோ ஒரு சிறுமியின் வில்லைப் போல இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அவளும் தங்கை நெட்டாவும் ஒவ்வொரு செப்டம்பரிலும் பிட்டர்ரூட் மலைக்கு, எல்க் என்ற பெரிய மானை வேட்டையாடப் போகிறவர்கள். இருவருமே இத்தனை வருடமும் விரியும் முனையைத்தான் அம்பில் மாட்டினார்கள். பறக்கும்போது அதன் பிளேடுகள் மடங்கியிருக்கும். மானின் உடம்பில் பட்டதும் திறந்துகொண்டு அகலமாகக் கிழிக்கும். ரத்தம் தாராளமாகக் கொட்டும், தடம் பிடிப்பது சுலபம். கார்லீன் வீழ்த்திய எல்க்குகள் எல்லாம் அந்த முனையில் விழுந்தவை.

அதனால்தான் ஆகஸ்டில் நெட்டா ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தபோது கார்லீனுக்குச் சுருக்கென்றது. உள்ளே இருந்தவை ஒடுக்கமான, இரண்டே வெட்டுவிளிம்பு கொண்ட, எங்கும் மடங்காத கெட்டி முனைகள்.

"இது யாருக்கு?" என்றாள் கார்லீன்.

"உனக்குத்தான்க்கா. உன் வில்லுக்கு இப்ப பழைய தெம்பு இல்ல. விரியிற முனை, பிளேடத் திறக்கவே பாதி வேகத்தத் தின்னுடும். மிச்சத்த வெச்சு என்னத்தத் துளைப்ப?"

"நீ எத மாட்டப் போற?"

"எப்பவும் போடுறதத்தான்."

"அப்ப உனக்குக் கறித்துண்டு, இந்தக் கெழவிக்கு ஓட்ஸ் கஞ்சியா?"

நெட்டா சிரித்தாள். கார்லீன் சிரிக்கவில்லை.

நெட்டாவின் வீட்டுக் கொல்லையில், குதிரை லாயத்துக்குப் பின்னால், இருவரும் சோதித்துப் பார்த்தார்கள். விரியும் முனை, பயிற்சிக்கு மாட்டும் மொட்டை முனை போன இடத்துக்கே போனது. கெட்டி முனையோ ஒவ்வொரு தடவையும் ஒரு சாண் விலகிக் குத்தியது. கார்லீனுக்கு உள்ளூரத் திருப்தி. இலக்கில் விழாத முனை எவ்வளவு கூராக இருந்து என்ன பயன் என்று கேட்டாள். நெட்டா வாதாடவில்லை. வில்லில் அம்பு படுக்கும் தாங்கியை மயிரிழை நகர்த்துவதும், எய்யச் சொல்வதும், மறுபடி நகர்த்துவதுமாகச் சில மாலைகளைக் கழித்தாள். கடைசியில் இரண்டு வகையும் ஒரே இடத்தில் குத்தின.

அதன் பிறகு நெட்டா உறைபெட்டியிலிருந்து போன வருட எல்க்கின் தோள்பட்டை எலும்பை எடுத்துவந்து, பழைய தோலைச் சுற்றி, வைக்கோல் கட்டின் முன்னால் நிறுத்தினாள். கார்லீனின் விரியும் முனை எலும்பில் மோதி, ஒரு பிளேடு வளைந்து, அங்கேயே தொங்கியது. கெட்டி முனை எலும்பைத் துளைத்து வைக்கோலுக்குள் புதைந்தது. கார்லீன் அந்த ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தாள். சரி, இதையே மாட்டுகிறேன் என்றாள்.

ஆனால் மலையேறும் நாளில் அம்புக்கூட்டில் விரியும் முனை மாட்டிய ஓர் அம்பையும் சேர்த்து வைத்துக்கொண்டாள். தங்கைக்குச் சொல்லவில்லை. ஓடைக்கு மேலே பாப்லர் மரங்களுக்கிடையில் மண்டியிட்டு உட்கார்ந்தபோது அவள் கை தேடியதும் அந்த அம்பைத்தான். அதை நாணில் பொருத்தினாள். பழகிய பொருள், நெஞ்சுக்குத் தைரியமாக இருந்தது.

நெட்டா பின்னால், சரிவுக்கு அந்தப் பக்கம் இருந்து பெண் எல்க் போலக் குரல் கொடுத்தாள். எதிர்ச் சரிவிலிருந்து ஆண் எல்க் ஒன்று கூவியது. கொஞ்ச நேரத்தில் கிளைகள் ஒடியும் சத்தம். அது வந்தது. கழுத்து மயிர் சேற்றில் நனைந்திருந்தது. மூத்திர வீச்சம் காற்றில் முன்னே வந்தது. கார்லீன் நாணை இழுத்தாள்.

எல்க் ஒரு பைன் மரத்துக்குப் பின்னால் நின்றுவிட்டது. முகமும் முன்தோளும் மட்டும் வெளியே. குரல் வந்த திசையையே பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றது. கார்லீனின் தோள் முதலில் சுட்டது, பிறகு நடுங்கியது. முன்பெல்லாம் இவ்வளவு நேரம் இழுத்துப் பிடிப்பது அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. இப்போது அம்பு முனை இலையைப் போல ஆடியது. அப்படியே அம்பை விட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. நேரே எதிரில் இருந்தது தோள்பட்டை. வளைந்து தொங்கிய பிளேடு நினைவுக்கு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நாணை மெல்லத் தளர்த்தினாள்.

எல்க் அதைக் கவனிக்கவில்லை. அவள் விரியும் முனை அம்பைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு, கெட்டி முனை அம்பைப் பொருத்தினாள். நெட்டா மறுபடி குரல் கொடுத்தாள். எல்க் மரத்தைத் தாண்டி வந்து விலாவைக் காட்டியது. கார்லீன் இழுத்தாள், வலியைப் பொறுத்துக்கொண்டு முன்காலுக்குப் பின்னால் குறி வைத்தாள், விட்டாள்.

ஒன்றும் நடக்கவில்லை. எல்க் துள்ளவில்லை, ஓடவில்லை. தலையை நிமிர்த்திச் சுற்றும் முற்றும் பார்த்தது. பிறகு நிதானமாக நடந்து மேட்டுக்கு அப்பால் மறைந்தது.

நெட்டா வந்து சேர்ந்தபோது கார்லீன் வில்லை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"தப்பிடுச்சு," என்றாள். "இந்தத் தோளோட இனிமே மலைக்கு வரதுல அர்த்தமே இல்ல. வில்ல யாருக்காவது குடுத்துடு."

நெட்டா தரையைப் பார்த்தாள். "இது என்ன?" என்று கிடந்த அம்பை எடுத்தாள். விரியும் முனையைக் கண்டதும் புருவம் உயர்ந்தது. "திருட்டுக் கழுத. கடைசி நேரத்துல மாத்துனியா?"

"மாத்தினேன். மாத்தி என்ன?"

கொஞ்ச நேரம் பொறுத்து இருவரும் எல்க் நின்ற இடத்துக்குப் போனார்கள். தரையில் ரத்தமே இல்லை. கார்லீன் சொன்னது சரிதான் என்று நெட்டாவுக்கும் தோன்ற ஆரம்பித்தது. பிறகு அவள்தான் பார்த்தாள். அம்பு அந்தப் பக்கத்து மண்ணில் பாதி வரை புதைந்திருந்தது. தண்டு முழுக்க ரத்தம், நுண்ணிய நுரைக் குமிழிகளோடு.

"அக்கா, நுரையீரல் ரத்தம். உள்ள போய் வெளியவே வந்துடுச்சு. பட்டதே அதுக்குத் தெரியல."

மேட்டைத் தாண்டியதும் எல்க் படுத்திருந்தது, தூங்குவதுபோல. கார்லீன் அதன் விலா மேல் கையை வைத்தாள். சூடு இன்னும் இருந்தது.

தோலுரித்து, துண்டுபோட்டு, துணிப்பைகளில் கட்டி முடிக்க மத்தியானமாகிவிட்டது. வண்டி நிற்கும் இடம் தூரம், வழி முழுக்க விழுந்த மரங்கள். கார்லீன் வழக்கம்போல ஒரு பின்தொடையைத் தன் முதுகில் மாட்டும் சுமைச் சட்டகத்தில் கட்டிக்கொண்டு எழுந்தாள். ஒரு எட்டு வைத்தாள். தோள் இற்றுப்போவதுபோல வலித்தது. நின்றாள்.

நெட்டா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கார்லீன் வாரைக் கழற்றிச் சுமையை இறக்கினாள். "இத நீயே எடுத்துக்க," என்றாள். "என்கிட்ட முதுகுக் கறியக் குடு."

"ரெண்டு நடை ஜாஸ்தியாகும்."

"ஆகட்டுமே. உனக்கு வயசு இருக்கு."

நெட்டா கனமானதை முதுகில் ஏற்றிக்கொண்டு முன்னே நடந்தாள். கார்லீன் இலேசான பையோடு, இடது தோளில் மட்டும் வாரைப் போட்டுக்கொண்டு, மெதுவாகப் பின்தொடர்ந்தாள்.