டெரிக்கின் ஒரு மணி நேரம்

திரையின் மூலையில் ‘இன்னும் நான்கு நிமிடம்’ என்று சிவப்பில் எழுந்தபோது, கீலி ரேக்குக்கு முன்னால் ஆறு பேர் பேச வேண்டியிருந்தது. பேசும் வரிசையில் அவள்தான் கடைசி.

சட்டம் படிக்க நினைக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வக்கீல் நிறுவனம் இணையத்தில் நடத்தும் ஐந்து நாள் பணி அனுபவம் அது. கடைசி நாளான இன்று, வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தவருக்கு ஆலோசனை சொல்வதுபோல் மூன்று நிமிடம் பேச வேண்டும். பேசாதவர்களுக்குச் சான்றிதழ் இல்லை. அது இல்லாமல், இங்கிலாந்தின் கிரிம்ஸ்பித் துறைமுகத்தில் மீன் வெட்டுகிறவளின் மகளை எந்தக் கல்லூரி திரும்பிப் பார்க்கும்? அவள் குடும்பத்திலும் வக்கீல்களைப் பார்த்தவர்கள் உண்டு, குற்றவாளிக் கூண்டிலிருந்து. வீட்டில் இணையம் கிடையாது. இந்த நூலகக் கணினியில் ஓர் உறுப்பினர் அட்டைக்கு நாளுக்கு ஒரு மணி நேரம்தான்.

“இன்னும் அரை மணி மட்டும், மாக்சின்.”

“பின்னால ஆள் நிக்குது கண்ணு. சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானே? நீதான வக்கீலாகப் போறவ!” என்றாள் நூலகர்.

கடவுளே, பேச வேண்டியது மூன்றே நிமிடம். கீலி எழப் போனாள்.

பின்னால் நின்ற கிழவர் டெரிக் கம்பளித் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டார். “எந்திரிக்காத. என் அட்டையப் போடு.”

ஒருவர் அட்டையை இன்னொருவர் போடக் கூடாது. மாக்சின் ஏற்கெனவே அடுக்கிய புத்தகங்களை மறுபடி அடுக்கப் போய்விட்டாள்.

கணினி அணைந்து எழுந்தது. ‘காத்திருக்கவும். விரைவில் உள்ளே அனுமதிப்பார்கள்’ என்றது திரை. ஐந்து நிமிடம். பத்து. யாரும் அனுமதிக்கவில்லை. அவளை மறந்தே போயிருப்பார்கள்.

டெரிக் கையில் கசங்கிய உறை ஒன்று இருந்தது. “அது என்ன?” என்றாள் கீலி.

அவருடைய அரசு உதவித்தொகையை நிறுத்திய கடிதம். மறுப்பை இணையத்தில் அனுப்பக் கடைசி நேரம், இன்று பகல் பன்னிரண்டு.

“தெரிஞ்சுமா உங்க நேரத்தக் குடுத்தீங்க?”

“ரெண்டு நாளா வந்து அந்தத் திரையப் பாத்துட்டுத் திரும்பிப் போறேன். எங்க தொடங்கறதுன்னே தெரியல. நீயாச்சும் உருப்படு.”

மணி பதினொன்றரை. காத்திருப்புத் திரையை ஓரமாக ஒதுக்கிவிட்டு, கீலி மறுப்புப் படிவத்தைத் திறந்தாள். முதல் நாள் பாடம் நினைவுக்கு வந்தது: கட்சிக்காரர் பேசி முடிக்கும்வரை குறுக்கிடாதே.

“நடந்தத சொல்லுங்க. நான் குறுக்க பேசமாட்டேன்.”

உதவித்தொகை அலுவலகம் நேரில் வரச்சொன்ன நாளில் மனைவி ஜீனோடு ஆஸ்பத்திரியில் இருந்ததை அவர் தட்டுத்தடுமாறிச் சொன்னார். அவள் தட்டச்சு செய்துகொண்டே வந்தாள்.

திடீரென்று ஹெட்போனில் ஒரு குரல். “கீலி ரேக்? இருக்கீங்களா? உங்களோட முடிக்கிறோம்.”

டெரிக் பேச்சை நிறுத்தினார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, நீதிபதி முன் நிற்பவர்போல் நிமிர்ந்தார்.

கீலியின் விரல் ஒலிவாங்கிப் பொத்தானின் மேல் நின்றது. மணி பதினொன்று ஐம்பத்திரண்டு; படிவத்தில் இன்னும் பாதி மிச்சம். திரையில் பக்கத்திலேயே திறந்திருந்த படிவத்தில், ‘அன்று என் மனைவி’ என்பதற்கு அடுத்து, கோடு ஒன்று மினுக்கி மினுக்கிக் காத்திருந்தது.