செருப்போடு தொட வேண்டிய கெட்டில்

1

செருப்பு எங்கே?

டீ குடிக்கலாம் என்று தோன்றியதும் அவள் மனதுக்குள் முதலில் எழும் கேள்வி இதுதான். டீத்தூள், சர்க்கரை எல்லாம் அப்புறம். கட்டிலடியில் ஒரு செருப்பு கிடக்கும், கதவுக்குப் பின்னால் அதன் ஜோடி. இரண்டையும் மாட்டிக்கொண்ட பிறகுதான் கெட்டிலின் பக்கம் கை போகும்.

இதற்கு முன்னால் நான் எழுதி அடித்த தொடக்கங்களும் உண்டு. "மலிவு என்பது நம் காலத்தின் மாபெரும்..." (கட்டுரை வாடை.) "துறைமுகத்தில் அந்தக் கப்பல் வந்து நின்றபோது..." (கப்பலைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அதற்குள் என்ன இருந்தது என்று இறக்கியவர்களுக்கே தெரிந்திருக்காது.)

கதை பிறந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். கடைத்தெருவில் நடந்துகொண்டிருந்தேன். ஒரு கடை வாசலில் ஒலிபெருக்கி. "வாங்க, வாங்க! எது எடுத்தாலும் ஒரே விலை!" பெண் குரல். காய்ச்சல்காரரின் நெற்றியில் கை வைப்பது போன்ற குரல். தக்காளியைப் பூவாக வெட்டும் கருவி ஒன்றை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினேன். இன்னும் உறையைப் பிரிக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஒரு குடைச்சல்: அந்தக் குரல்காரி, கூவி விற்பதைத் தன் வீட்டில் பயன்படுத்துவாளா?

2

அவளுக்குப் பெயர் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. தெருவில் எல்லோருக்கும் அவள் 'ஒரே விலை'தான். காய்கறிக்காரரிடம் வாயைத் திறந்தால் போதும், "நீயே பேரம் பேசினா எப்படிம்மா?" என்பார்.

கடை அவளுடைய அக்காவின் கணவருடையது. வெளிநாட்டுச் சரக்கை மொத்தமாக எடுத்து விற்பவர். கீழே கடை, மேலே வீடு. வேலை போனதும் ஒரு பெட்டியோடு வந்தவளுக்கு மேலே ஓர் அறை கிடைத்தது. பதிலுக்கு அவள் குரலைக் கொடுத்தாள். அக்காவின் துணி அலமாரிக்குள் புகுந்து, மடியில் போனை வைத்துக்கொண்டு பேசிப் பதிவு செய்வாள். தொங்கும் துணிகள் தெருச் சத்தத்தை விழுங்கிவிடும். வெளியே வரும்போது தலைமுடியில் பூச்சி உருண்டை வாசனை.

கெட்டில் அத்தான் கொண்டுவந்தது. பளபளக்கும் எஃகு உடம்பு. பட்டனைத் தட்டினால் நீல விளக்கு எரியும். முதல் நாளே அக்காவுக்கு உள்ளங்கையில் சுர்ரென்றது.

"ஏங்க, இது கடிக்குதுங்க."

"வெறுங்காலோட தொட்டியா? செருப்பைப் போட்டுக்கிட்டுத் தொடு."

அதோடு விஷயம் முடிந்தது. வாசலில் ஒரு செருப்பைக் கழற்றிவிட்டு, டீ போட வேறொரு செருப்பை மாட்டிக்கொள்ளும் குடும்பமாக அவர்கள் மாறிப்போனார்கள். முன்கோபக்கார மாமனாரோடு அனுசரித்துப் போவதுபோல் கெட்டிலோடு அனுசரித்துப் போனார்கள். அதன் சுபாவம் அப்படி.*

(* கெட்டிலின் பிளக்கில் முனைகள் மூன்று. மூன்றாவது, எர்த் முனை, வெறும் அழகுக்கு, அதிலிருந்து எந்தக் கம்பியும் எங்கும் போகவில்லை. எப்படித் தெரியும் என்கிறீர்களா? எழுதுகிறவளுக்குக் கழற்றிப் பார்க்கும் உரிமை உண்டு.)

3

அத்தான்தான் எனக்குப் பிடிபடவில்லை. முதல் வரைவில் "அவர் கண்களில் பேராசை மின்ன..." என்று எழுதினேன். அடித்துவிட்டேன். அவரும் அதே கெட்டிலில்தான் டீ போடுகிறார். அவரும் செருப்பு தேடுகிறார். அறையைக் கொடுத்தபோது, எத்தனை நாளைக்கு என்று அவர் கேட்கவே இல்லை. இவளுக்குப் பிடிக்கும் என்று பன் வாங்கி வருகிறவர். கெட்டவர் என்றால் 'மாட்டேன்' என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கலாம். பன் வாங்கி வருகிறவரிடம் எப்படிச் சொல்வது?

4

எதிர்க்கடைத் தையல்காரி, முந்தானையில் குத்திவைத்த ஊசியோடு, இங்கே வாங்கிய கெட்டிலை எடுத்துக்கொண்டு கடைக்குள் வந்தாள். அக்கா கல்லாவில் இருந்தாள். 'ஒரே விலை' பொம்மைகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இது சுர்ருங்குது."

"செருப்பு போட்டுக்க, ஒண்ணும் பண்ணாது" என்றாள் அக்கா, உப்பு போட்டுக்கொள் என்பதுபோல.

"நான் போட்டுக்குவேன். எங்க சின்னவ இப்பதான் கைக்குக் கெடைச்சதைப் புடிச்சு எந்திரிச்சு நிக்கிறா. அவளுக்கு எந்தக் கடையில செருப்பு வாங்கட்டும்?"

அக்கா சிரித்தாள். தையல்காரியும் சிரித்தாள். பிறகு இவள் பக்கம் திரும்பினாள். "உன் குரலைக் கேட்டுத்தான் வாங்கினேன். நீ சொன்னா நம்பத் தோணுது, போ!"

குத்திக்காட்டவில்லை. மெச்சித்தான் சொன்னாள். மெச்சியதுதான் போய்த் தைத்தது.

அக்கா மறுபேச்சில்லாமல் பணத்தைத் திருப்பிக் கொடுத்தாள். அக்கா நேர்மையானவள். பிறகு கெட்டிலை முந்தானையால் துடைத்து, மறுபடி விற்பனைத் தட்டில் வைத்தாள். (இந்த வரியை எழுதும்வரை அவள் அப்படிச் செய்வாள் என்று எனக்கும் தெரியாது.)

அன்று மாலை டீ போடப் போனபோது 'ஒரே விலை' தன் கால்களைக் குனிந்து பார்த்தாள். இத்தனை நாளும் பயந்துகொண்டேதான் டீ குடித்தோமா? பயந்ததே தெரியவில்லையே. அந்தச் சின்னவளின் பாதங்கள் எவ்வளவு பெரிதாக இருக்கும்? 'ஒரே விலை' டீ போடாமல் வெறும் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள்.

5

அத்தான் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறி வந்தார். "லாரி நெறைய கெட்டில் வந்து எறங்கிருக்கு. பழைய பேச்சோட ஒரே ஒரு வரி சேத்துக்கம்மா. 'பாதுகாப்பானது, குழந்தைகூடத் தொடலாம்.' அவ்வளவுதான்."

அவள் அலமாரிக்குள் போய் உட்கார்ந்தாள். "வாங்க, வாங்க" வந்தது. "எது எடுத்தாலும்" வந்தது. "குழந்தைகூட" என்ற இடத்தில் குரல் நின்றது.

"தண்ணி குடிச்சிட்டுச் சொல்லு" என்றார் அத்தான், வெளியிலிருந்து.

"அத்தான், நீங்க ஒரு தடவை செருப்பைக் கழட்டிட்டு அதைத் தொடுங்க. நான் சொல்லிடறேன்."

"எனக்கென்ன பைத்தியமா?" என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் அறுந்தது. வாசலில் நின்ற அக்கா தன் கால்களைப் பார்த்துக்கொண்டாள்.

அத்தான் சொன்னார்: "இறக்கின சரக்கைத் திருப்பி எடுக்க மாட்டாங்கம்மா. நீ சொல்லலேன்னா வேற யாரையாவதுதான் பேச வைக்கணும். அப்புறம் இந்த வீட்டுல..." மிரட்டலா, மன்றாட்டா? எனக்குத் தெரிந்தால் எழுதியிருப்பேன்.

6

முடிவுகள் கைவசம் இருக்கின்றன. கெட்டில் ஓர் உயிரை வாங்கலாம். ஆனால் அதற்குத் தையல்காரியின் சின்னவள் வேண்டும், அவளை நான் தருவதாக இல்லை. அத்தான் மனம் திருந்தலாம். நீங்கள் நம்ப மாட்டீர்கள், அக்கா அறவே நம்ப மாட்டாள். 'ஒரே விலை' கண்ணை மூடிக்கொண்டு அந்த வரியைச் சொல்லிவிடலாம். அதுதான் நடக்கும் என்று எனக்குத் தெரிந்ததால், அதை எழுத மனம் வரவில்லை. 

கடைசியில் எனக்கு ஒரு யோசனை வந்தது. அவள் வெறுங்காலோடு எல்லோர் முன்னாலும் கெட்டிலைத் தொடட்டும். அக்கா அலறுவாள், அத்தான் பதறுவார், கதைக்கும் ஓர் உச்சம் கிடைக்கும்.

"சின்னதா ஒரு சுர்ர். ஒண்ணும் ஆகாது, நான் பாத்துக்கிறேன்" என்றேன் அவளிடம். காய்ச்சல்காரரின் நெற்றியில் கை வைப்பது போன்ற குரலில்தான் சொன்னேன்.

அவள் அலமாரியை விட்டு வெளியே வந்தாள். கட்டிலடியிலிருந்து ஒன்று, கதவுக்குப் பின்னாலிருந்து மற்றொன்று. மாட்டிக்கொண்டு போய்ப் பிளக்கைப் பிடுங்கினாள். அடுப்பைப் பற்றவைத்து, பாத்திரத்தில் எல்லோருக்குமாகத் தண்ணீர் வைத்தாள். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள்.

"என்னம்மா, சொல்றியா?" என்றார் அத்தான்.

"தொடறியா?" என்றேன் நான்.

தண்ணீர் கொதிக்கிறதா என்று பார்த்தபடி, எங்கள் இருவருக்கும் சேர்த்து, அவள் மெதுவாகச் சொன்னாள்:

"மாட்டேன்."