வாவிக்கரை வெளிச்சவீடு

"குளத்துக்கு வெளிச்சவீடோ?" என்று சுபோதினி சிரித்தாள். "எங்கட கொழும்புப் பேர வாவிக்கு ஒரு மண்ணெண்ணெய் விளக்குக்கூட இல்லை. உங்கட டொரொண்டோக் குளத்துக்கு என்ன அவ்வளவு திமிர்?"

"கரை தெரியாத வாவியப்பா அது. கப்பல் ஓடுறது. நீர் வாரும், கூட்டிக்கொண்டு போய்க் காட்டுறன்."

"காட்டாட்டி?"

"காட்டாட்டி மாமியிட்டச் சொல்லி எனக்கு அடி வாங்கித் தாரும்."

கலியாணம் முடிந்த நான்காம் நாள், வெள்ளவத்தை ரயில் பாதையோரக் கருங்கல்லில் இருந்து அவளும் ராகுலனும் கதைத்த கதை அது. அன்றைக்கே அவனிடம் ஒன்று கேட்க அவளுக்கு நா உன்னியது. வெளிநாட்டு மாப்பிள்ளையிடம் யாராவது அப்படிக் கேட்பார்களா என்று விழுங்கிவிட்டாள். பதினெட்டு நாள் லீவு முடிய அவன் டொரொண்டோவுக்குத் திரும்பினான். மூன்று வருஷம் ஓடிப்போயிற்று.

விசா ஃபைல் செய்து கொடுப்பவர் கொட்டாஞ்சேனை நிக்கலஸ் அங்கிள். "புருஷன்ட ஊரைப் பத்தி ஒண்டும் தெரியாட்டி, பொய்க் கலியாணம் எண்டு எழுதிப் போடுவாங்கள் பிள்ளை" என்று அவர் வெருட்டியதில், முதல் நேர்முகத்துக்கு முன்பே சுபோதினி அந்த வெளிச்சவீட்டை முழுக்கப் பாடமாக்கினாள். ஆயிரத்து எண்ணூற்றெட்டில் கட்டியது. ஆறு பக்கம். எண்பத்திரண்டு அடி உயரம். முதலில் திமிங்கில எண்ணெய், பிறகு மண்ணெண்ணெய், பிறகு மின்சாரம். முதல் காவலாளி ஒரு தை மாதத்தில் காணாமல் போனான். என்ன ஆனான் என்று இன்றுவரை யாருக்கும் நிச்சயமில்லை.

கணவருக்குப் பிடித்த இடம் எது என்று அதிகாரி கேட்டதும், மூச்சு விடாமல் அத்தனையையும் ஒப்புவித்தாள். இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. பாடமாக்கிய பதில்கள், உண்மையான திருமணம் என்று நம்புவதற்கில்லை.

மறுபடி விண்ணப்பித்து, நாளைக்கு இரண்டாவது நேர்முகம். இந்த முறை நிக்கலஸ் அங்கிள் அதே தாளில் சிவப்புப் பேனையால் கோடு போட்டுக் கொடுத்திருந்தார்.

"கோடு போட்ட இடத்தில தடுமாறும் பிள்ளை. உயரத்தை மறந்த மாதிரிக் காட்டும். கொஞ்சம் சிரியும், ஆனா கூடச் சிரிச்சிடாதையும்."

தடுமாற வேண்டிய இடங்களையும் அவள் பாடமாக்கினாள்.

பின்னேரம் மூன்றரைக்கு ராகுலன் வீடியோவில் வந்தான். அங்கே விடியற்காலை ஆறு மணி. வேலைக்குப் போகும் தடித்த சட்டையோடு நின்றான். கன்னம் ஒட்டியிருந்தது. சாப்பிட்டீர்களா என்று அவள் வாயெடுப்பதற்குள் அவன் தொடங்கிவிட்டான்.

"உயரம் எவ்வளவு?"

"எண்பது... இல்லை... எனக்கு நம்பர் ஞாபகம் நிக்காது."

"அச்சா! காவலாளி?"

சொன்னாள். ஒரு வருஷமாக இதுதான் புருஷன் பெண்சாதியின் கதை. இதைவிட்டால் வேறு என்ன கதைப்பதென்றே இருவருக்கும் மறந்துபோயிருந்தது.

"கரையில கட்டினது ஏன் இப்ப மரங்களுக்கு நடுவில நிக்குது?"

"மணல் சேர்ந்து சேர்ந்து..." அவள் பார்வை அவனுடைய ஒட்டிய கன்னத்தில் நின்றது. "வாவி தள்ளிப் போயிட்டுது. வெளிச்சவீடு நிண்ட இடத்திலயே நிக்குது."

"சுப்பராய் நடிக்கிறீர்! நாளைக்கும் இப்பிடியே செய்யும், சரியே?"

அவள் நடிக்கவில்லை. அந்த இடத்தில் சிவப்புக் கோடும் இல்லை.

"நீங்கள் கடைசியா எப்ப அங்க போனனீங்கள்?"

"நானோ?" அவன் தலையைச் சொறிந்தான். "வந்த புதுசில ஒருக்கா. ரெண்டு வேலை செய்யிறவனுக்கு எங்கயப்பா நேரம்? ஏன், இதையும் கேப்பாங்களோ?"

சமையலறையில் அம்மா ஜெகதீஸ்வரி நாளைய நேர்முகத்துக்குச் சேலை மடித்துக்கொண்டிருந்தாள். விசா கிடைத்தால் உடைப்பதாகக் கதிரேசன் கோயிலுக்கு நூற்றெட்டுத் தேங்காய் நேர்ந்திருந்தாள் அவள். விசா கிடைத்தாலும் அவனுக்கு இரண்டு வேலை, கிடைக்காவிட்டாலும் இரண்டு வேலை. சுபோதினி தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

"பஸ் வரப்போகுது. வேற ஏதும் இருக்கே?" என்றான் ராகுலன்.

"ஓம், இருக்கு. அவங்கள் கேக்க மாட்டாங்கள், நான் கேக்கிறன்." அன்றைக்குக் கருங்கல்லில் இருந்து விழுங்கியதை இப்போது வெளியே விட்டாள். "என்னை அங்க கூப்பிட வேண்டாமப்பா. நீங்கள் இங்க வந்து என்னோட இருங்கோ."